பால்காரர் மகளுக்குப் பால் ஆகவில்லை

ஆவணி 16, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மாடிக் கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. பாப்பாவின் துணிகளை மட்டும் உள்ளே எடுத்து வந்து, மின்விசிறிக்கு அடியில் நாற்காலி முதுகுகளில் விரித்தேன். இனி இந்த வீட்டில் உட்கார இடமில்லை.

கறுப்பு டீக்கு மாறி ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் பழகவில்லை. கஷாயம் என்று நினைத்துக்கொண்டு குடித்தால் கொஞ்சம் தேவலை.

பின்னால் மறந்துபோகாமல் இருக்க எழுதி வைக்கிறேன். பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. மலத்தில் ரத்தக் கீற்று, கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, குடித்து முடித்ததும் வீறிட்டு அழுகை. குழந்தை டாக்டரம்மா பார்த்துவிட்டு, பசும்பாலில் இருக்கும் புரதம் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இவளுக்கு யார் பசும்பால் கொடுத்தார்கள்? நான்தானாம். நான் சாப்பிடும் பாலும் தயிரும் தாய்ப்பால் வழியாக இவளுக்குப் போகிறதாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், நீங்கள் சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்றார். பால், தயிர், மோர், நெய், பால்கோவா, பால் பவுடர் கலந்த பிஸ்கட். போயிற்று எல்லாம். சுண்ணாம்புச் சத்துக்கு மாத்திரை.

இதில் வேடிக்கை என்னவென்றால் இவர் பால் வியாபாரி. விடியும் முன்பே கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களில் பால் எடுத்து, டவுனில் டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் ஊற்றுகிறார். சட்டை, வண்டி, மீசை எல்லாம் பால் வாசனை. காலையில் யாரிடமோ போனில், “ஊருக்கே பால் ஊத்தறேன், என் பொண்ணுக்கு ஆவலியாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்தபடிதான் சொன்னார். சிரிப்பில் சத்தம் கம்மி.

புரட்டாசி 13 வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசை. மேடம் இதற்கு மேல் லீவு தர மாட்டார். பகலில் பாப்பா என்ன குடிப்பாள்? டாக்டரம்மா இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்றே ஒரு தனி டப்பாப் பால் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் வாங்கவில்லை. எப்படியாவது தாய்ப்பாலிலேயே ஓட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

ஆவணி 18, புதன்

வெயில் வந்தது. துணி காய்ந்தது. பாப்பா கன்னத்தில் தடிப்பு நன்றாகவே வற்றியிருக்கிறது. பத்து நாளாக ரத்தமும் இல்லை.

பிரதோஷம். அண்ணி சாயங்காலம் கோயிலிலிருந்து நேரே இங்கே வந்தார். அண்ணி என்றால் இவருடைய அக்கா. தேரடிப் பக்கம் வீடு. பையன் பெங்களூரில் வேலைக்குப் போனபிறகு அவருக்குப் பாப்பாதான் எல்லாம். எங்களுக்குக் கல்யாணமாகி வெகுநாள் குழந்தை இல்லை. அண்ணி வேண்டிக்கொண்டார். பிறந்தால் பிரதோஷம் தவறாமல் பெரிய நந்திக்கு அபிஷேகத்துக்குப் பால் கொடுப்பதாக. பிறந்தாள். கொடுக்கிறார். பால் இவர் வண்டியிலிருந்துதான் போகிறது.

திருநீறு பூசிவிட்டு, சின்ன சொம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்து பாப்பாவின் நாக்கில் வைக்கப் போனார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

“சரி, நீ குடி. உனக்குக் குடுத்தா அவளுக்குக் குடுத்த மாதிரிதானே.”

போன பிரதோஷத்தைப் போலவே கண்ணில் ஒற்றிக்கொண்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். ஏலக்காய் வாசனை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

காஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

ஆவணி 21, சனி

பௌர்ணமிக் கூட்டம் இன்னும் வடியவில்லை. ஊருக்கு வெளியே வேங்கிக்கால் வரைக்கும் பஸ் வரிசை. கிரிவலம் முடித்த ஜனங்கள் எங்கள் தெரு முனையிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். பௌர்ணமி என்றால் இவருக்குப் பால் இரண்டு மடங்கு போகும். வந்ததும் செருப்போடு நாற்காலியில் தூங்கிவிட்டார்.

பாப்பாவுக்குத் திரும்பவும் ரத்தம். மெல்லிய நூல் மாதிரி, ஆனால் ரத்தம்தான். துணியை வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்த்தால் மறைந்துவிடுமா என்ன.

கீழ்வீட்டு ஓனரக்கா வந்து பார்த்தார். “போன தடவையும் அமாவாசைய ஒட்டித்தானே வந்துச்சு? இப்ப பௌர்ணமி. சில பிள்ளைங்களுக்கு அப்பிடித்தாம்மா. நெலா ஏறினா எறங்கினா ஒடம்பு காட்டும்.”

யோசித்துப் பார்த்தால் உண்மை. முதல் முறை பௌர்ணமியை ஒட்டி. அடுத்து அமாவாசை. இப்போது இது. நான் ஒன்றும் படிக்காதவள் இல்லை, ஆனால் கணக்கு இடிக்காமல் வரும்போது என்ன செய்ய? அண்ணி பாப்பா இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டினார். ஓனரக்கா கற்பூரம் சுற்றினார். பாப்பா திமிறாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

ஆவணி 25, புதன்

டப்பா வாங்கியாகிவிட்டது. இவர் விலையைக் கேட்டுவிட்டு மருந்துக் கடைக்காரரிடம், “இதுல இருக்கறதும் பால்தானேங்க?” என்று கேட்டாராம். பால்தான், ஆனால் அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டிருப்பார்கள், உடம்புக்கு அடையாளம் தெரியாது என்றாராம். இவருக்கு ஒரே ஆச்சரியம். “பாலுக்கு மாறுவேஷம் போட்டு அனுப்பறாங்க” என்கிறார்.

வாசனை சகிக்கவில்லை. ஈரச் சாக்கும் மாத்திரையும் கலந்த மாதிரி. பாப்பா ஒரு வாய் வாங்கினாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், துப்பினாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. கோபமும் வந்தது.

ஊரில் எல்லாருக்கும் ஒரு பால் தெரிந்திருக்கிறது. ஓனரக்கா ஆட்டுப் பால் என்கிறார். காலையில் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு ஒருவர், “கழுதப் பாலு, சளிக்கு, மாந்தத்துக்கு” என்று கூவிக்கொண்டு போனார். எதிர்வீட்டில் கூப்பிட்டு ஒரு சங்கு கறந்து வாங்கினார்கள். ஒரு நிமிடம் நானும் வாசல் வரை போய்விட்டேன்.

கெஸ்ட் ஹவுஸிலிருந்து ஜெயந்தி போன். என்னோடு வேலை செய்பவள். “அக்கா, இங்க வெள்ளக்காரங்க எல்லாம் பாதாம் பால்தான் கேக்கறாங்க. கபேல டெய்லி அரைக்கறாங்க. பாப்பாவுக்கு அது குடுங்களேன்.”

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கேட்டேன். ஆட்டுப் பாலிலும் கிட்டத்தட்ட அதே புரதம்தான், ஆகாது. கழுதைப் பால் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. பாதாம் பாலில் இந்த வயசுக் குழந்தைக்கு வேண்டிய சத்து கிடையாது. “தாய்ப்பால், இல்லன்னா அந்த டப்பா. மூணாவது ஒண்ணு கெடையாதும்மா.” தாய்ப்பாலைப் பீய்ச்சி, அதில் டப்பாப் பாலைக் கொஞ்சமாகக் கலந்து பழக்கச் சொன்னார். ரத்தம் வந்துகொண்டே இருந்தால் நேரில் வரச் சொன்னார்.

ஆவணி 28, சனி

தூறல். கலந்து கொடுத்தேன். அரை வாய் இறங்கியது. மீதி என் நைட்டியில்.

குரங்கு ஒன்று ஜன்னல் வழியாகக் கைவிட்டு வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டது. டப்பாவையும் மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனது. குரங்குக்கே வேண்டாமாம்.

தயிர்சாதம் கனவில் வருகிறது. மாதுளை முத்து போட்டது.

புரட்டாசி 2, வியாழன்

பாப்பா நன்றாக இருக்கிறாள். முகம் தெளிந்துவிட்டது. முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள், அதுவும் ஓனரக்காவின் மிக்ஸி ஓடும் சத்தத்துக்கு.

பிரதோஷம். அண்ணி வந்துபோனார். நாளன்றைக்கு மகாளய அமாவாசை. இந்த முறையும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அண்ணியிடம் சொன்னேன். “அதுக்குத்தான் இன்னிக்கு உன் பேரையும் சொல்லி அர்ச்சனை பண்ணேன். மொத்தமா குடி” என்று சொம்பையே கொடுத்தார்.

புரட்டாசி 4, சனி

வந்துவிட்டது. போன முறையைவிட ஜாஸ்தி.

அழுதேன். நான் என்ன சாப்பிடுகிறேன்? சோறு, ரசம், பொரியல். நெய் இல்லாத இட்லிப் பொடி. எதை விடவில்லை? என் பாலே இவளுக்கு ஆகவில்லை என்றால் நான் எதற்கு? அபத்தமான கேள்விதான். ஆனாலும் அடுப்படியில் நின்று சத்தமாகவே கேட்டேன். இவர் வந்து தோளைத் தொட்டார். “விடு சுமதி. திங்கக்கெழம காட்டிடலாம்.” அவர் கையில் பால் வாசனை. தட்டிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்றே தோன்றுகிறது.

புரட்டாசி 6, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இவருக்குப் பால் வண்டி வேலை இருந்தது. அண்ணி துணைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். டாக்டரம்மா பாப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை போட்டார். எடை ஏறியிருக்கிறது, ஆனால் வேண்டிய அளவு இல்லை.

“மோர், தயிர், நெய்?”

“எதுவும் இல்லைங்க.”

“பிஸ்கட், பிரெட்?”

“பாக்கெட்டப் படிச்சிட்டுத்தாங்க வாங்கறேன். பால் பவுடர்னு இருந்தா தொடறதே இல்ல.”

டாக்டரம்மா எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக, “இவ்வளவு பத்தியம் இருந்தும் ரத்தம் வருதுன்னா, கொஞ்ச நாளைக்கு உங்க பால நிறுத்திட்டு, முழுக்க டப்பாவுக்கு மாத்திப் பாக்கலாம்மா” என்றார்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

“நாங்களும் செய்யாதது இல்லீங்க டாக்டரம்மா. பிரதோஷம் தவறாம அபிஷேகப் பால் கொண்டாந்து குடுக்கறேன். இவளும் ஒரு சொட்டு விடாம குடிக்கறா. அப்பிடியும் சாமி கண்ணத் தொறக்கலியே.”

பேனா நின்றது.

“என்ன பாலு?”

“அபிஷேகப் பாலுங்க.”

“யாரு குடிக்கறது?”

அண்ணி என்னைப் பார்த்தார். நான், “அது பால் இல்லைங்க, பிரசாதம்” என்றேன்.

நானேதான் சொன்னேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தையெல்லாம் படித்தவள். சொம்பில் வெள்ளையாக இருந்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஏனென்றால் அது சாப்பாடு இல்லை, அது சாமி கொடுத்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி மேசைமேல் போட்டார். பிரதோஷம் எல்லாம் அச்சிட்டிருந்தது. ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் இரண்டு மூன்று நாள் தள்ளி விரலை வைத்து, “இங்கயா? இங்கயா?” என்று கேட்டார். ஆமாம், ஆமாம். பிரதோஷம் முடிந்து ஒருநாள் விட்டுத்தானே பௌர்ணமியும் அமாவாசையும் வரும். ஓனரக்கா சொன்ன நிலாக் கணக்கைச் சொன்னேன்.

“நெலா மேலயா பழியப் போட்டீங்க?” என்றார். அப்போதுதான் லேசாகச் சிரித்தார். “சாமிக்கு ஊத்தினாலும் மாட்டுப் பால்தாம்மா. தாய்ப்பால நிறுத்த வேணாம். இத நிறுத்துங்க, போதும். நீங்க வேலைக்குப் போற நேரத்துக்கு மட்டும் டப்பா.”

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பால் ஆகும்! பாப்பாவை இறுக்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி முகம் செத்துப்போயிருந்தது.

“நான்தான் கொழந்தைக்கு வெஷம் வெச்சேனா?”

“அண்ணி, குடிச்சது நான். எனக்கே தெரியலியே.”

தேரடியில் இறங்கி, பாப்பாவைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

புரட்டாசி 7, செவ்வாய்

இவர் இன்னும் அதிலேயே இருக்கிறார். “தெனமும் பால்ல கைய விட்டுப் பாக்கறவன் நானு. எனக்கே தோணல பாரு. என் கேன்ல இருந்து போன பாலு, கோயிலச் சுத்திக்கினு நம்ம வீட்டுக்கே வந்திருக்குது.”

அண்ணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

பகலில் பாப்பாவை அண்ணியிடம் விடுவதாகத்தான் பேச்சு. இப்போது அவர் வருவாரா? வந்தால் விடலாமா? இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்: எனக்குப் பயமாக இருக்கிறது. பாசத்தில் ஒரு சொட்டு வைத்துவிட்டால்? இவரிடம் சொன்னதற்கு, “எங்கக்காவா?” என்று மட்டும் கேட்டார். கோபம் இல்லை. வருத்தம்.

புரட்டாசி 9, வியாழன்

அண்ணி வரவில்லை. ஓனரக்காவிடம் நிலா விவகாரத்தைச் சொன்னேன். “நான் அன்னிக்கே நெனச்சேன்” என்றார். என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை.

இவர் தேரடிக்குப் போய்விட்டு வந்தார். “பேசினீங்களா?” “காபி குடுத்தாங்க. பேசல.”

புரட்டாசி 11, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. கீழே வடை வாசனை. மழை விட்டுவிட்டது.

காலையில் கதவைத் தட்டும் சத்தம். அண்ணி. உள்ளே வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனார். “அந்த டப்பாவக் காட்டு.”

தண்ணீரைக் கொதிக்க வைத்து எவ்வளவு ஆற விடுவது, பாட்டிலை எப்படி வேக வைப்பது, அளவுக் கரண்டியைத் தலைதட்டித்தான் போட வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது, மிஞ்சியதை எடுத்து வைக்காமல் கொட்டிவிட வேண்டும். எல்லாம் சொன்னேன். பரீட்சைக்குப் படிப்பது மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். பிறகு கொஞ்சம் பொடியைக் கையில் எடுத்து வாயில் போட்டார். முகம் கோணியது.

“ஐய்ய! இதயா இவ குடிக்கணும்?”

“வேற இல்லையாம் அண்ணி.”

பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டார். “குடிடி கண்ணு. அத்தையும் தின்னுட்டேன், ஒண்ணும் ஆவல.” முதலில் துப்பினாள். அண்ணி விடவில்லை. ஏதேதோ பேச்சு கொடுத்துக்கொண்டே, கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் கொடுத்து. பாதி போயிற்று. என்னிடம் ஒருநாளும் இவ்வளவு குடித்ததில்லை. பொறாமையாக இருந்தது, கொஞ்சம்.

போகும்போது, “திங்கக்கெழம எத்தினி மணிக்குக் கெளம்பறே?” என்று கேட்டார்.

புரட்டாசி 13, திங்கள்

முதல் நாள். மேசையில் தூசி. ஜெயந்தி என் பேனாக்களை எல்லாம் தொலைத்துவிட்டாள். இஸ்ரேலிலிருந்து வந்த ஒரு பெண், பால் இல்லாத டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் என்று சொல்ல வாய் வந்தது.

மார்பு கட்டிக்கொண்டு வலி. பின்னறையில் கதவைச் சாத்தி, பீய்ச்சி எடுத்தேன். அண்ணிக்கு நாலு முறை போன். நாலாவது முறை, “நீ வேலையப் பாரும்மா” என்று வைத்துவிட்டார்.

ரத்தம் இல்லை.

புரட்டாசி 15, புதன்

ரத்தம் இல்லை. கன்னம் பளிச்சென்று இருக்கிறது. டப்பாப் பாலுக்குப் பழகிவிட்டாள். நாளன்றைக்குப் பிரதோஷம். அண்ணியிடம் அதைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகும். கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கேட்கவில்லை.

புரட்டாசி 17, வெள்ளி

பிரதோஷம். வேலையில் மனம் ஒட்டவே இல்லை. ஒருவருக்கு இன்னொருவருடைய அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். மேடத்திடம் தலைவலி என்று சொல்லிச் சீக்கிரமே கிளம்பினேன். அண்ணிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பஸ் ஏறியபின் மறுபடியும். எடுக்கவில்லை.

பஸ் முழுக்கக் கோயிலுக்குப் போகிறவர்கள். கையில் வில்வம், சொம்பு. “நந்திகிட்ட இடமே கெடைக்காது, சீக்கிரம் எறங்கு” என்று ஒரு அம்மா மகளை விரட்டிக்கொண்டிருந்தார். அண்ணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. நேர்ந்துகொண்டதை எப்படி விடுவார்? அங்கே யாராவது பாசமாக ஒரு சொட்டு நீட்டினால்? வெட்கமாகத்தான் இருந்தது. நினைக்காமல் இருக்க முடியவில்லை.

படியை ஓடித்தான் ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. அண்ணி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பாப்பா. வாயில் பாட்டில். வீடு முழுக்க டப்பாப் பால் நாற்றம்.

“கோயிலுக்குப் போவலியா அண்ணி?”

“பால அவன் கிட்ட குடுத்தனுப்பிட்டேன்.” நிமிரவே இல்லை. “சாமி எங்க போயிடப் போறாரு. இவளுக்கு இந்நேரத்துக்குத்தான் பசி எடுக்குது.”

தரையில் அண்ணியின் போன் அடித்தது. இவர்தான். “என் கை காலியா இல்ல, ஸ்பீக்கர்ல போடு” என்றார் அண்ணி. போட்டேன். பின்னால் மேளச் சத்தம், கூட்டம்.

“அக்கா, அபிஷேகம் ஆயிடுச்சு. பால் குடுத்திருக்காங்க. வீட்டுக்கு எடுத்தாரவா?”

“வேணாண்டா. அங்கியே நீ குடிச்சிடு. வாயக் கொப்புளிச்சிட்டு, சோப்புப் போட்டு கையக் கழுவிட்டு வா. சட்டைய மாத்தாம இவளத் தூக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

நான் தோளில் பையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பாப்பாவை வாங்கிக்கொள்ளக் குனிந்து கையை நீட்டினேன். அண்ணி பாட்டிலை ஆடாமல் பிடித்துக்கொண்டே என் கையைப் பார்த்தார்.

“பஸ்ஸுல வந்தவதானே நீயி? போ, போய்க் கையக் கழுவு.”